25012.5 ரூபாய்க்கு அரை கிலோ மைசூர்பா

நான் ஒரு பி.காம். டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம் என்கிற ஒரே ஞானத்தோடு காலேஜை விட்டு வெளியே வந்தவன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். (இதைச் சொன்னதும், 'அது சரி, வேலைக்கு என்ன பண்றீங்க?' என்று கேட்பவர்களிடம் நான் கோபித்துக்கொள்வதில்லை. பழகிவிட்டது.)

போன வருஷம் மார்ச் மாதம் எந்தப் பத்திரிகையிலிருந்தும் பணம் வரவில்லை. வீட்டு வாடகை, பையனின் எல்.கே.ஜி. ஃபீஸ், டூவீலர் இன்ஷூரன்ஸ் மூன்றும் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நின்றன. சகதர்மிணி ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இட்லி ஊற்றப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எதிர் போர்ஷன் பையன் ஃப்ரன்ட் எண்ட் இன்ஜினீயர். நம்மைவிடப் பத்து வயசு சின்னவன். நம்மைவிட நாலு மடங்கு சம்பளம். அவனிடம் மெல்லக் கேட்டேன்.

"காலேஜெல்லாம் வேணாம்ணே. பெரிய பெரிய ஆளுங்க கான்ஃபரன்ஸ்ல பேசினது அத்தனையும் யூட்யூப்ல சும்மா கெடக்கு. பாத்தே கத்துக்கலாம்" என்றான்.

'சும்மா' என்ற சொல் காதில் விழுந்தால் ஒரு பி.காம். எப்படி எழுந்து உட்காருவான் என்பது உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தேன்.

ஃப்ரன்ட் எண்ட் என்றால் பெரிய ரகசியமில்லை. கடையில் கல்லாவுக்கு முன்னால் தெரிகிற பாகம். பின்னால் இருக்கும் குடோன், பேக் எண்ட். இந்த முன்பாகத்துக்கு எலும்புக்கூடு எச்.டி.எம்.எல்., சட்டை வேட்டி சி.எஸ்.எஸ்., பட்டனை அமுக்கினால் ஓடி வந்து வேலை செய்கிற பையன் ஜாவாஸ்கிரிப்ட். இந்தப் பையன் பிறந்தது 1995-ல். நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்தாராம். எங்கள் காலேஜில் ஃபேர்வெல் பார்ட்டிக்கு கமிட்டி போடவே பதினைந்து நாள் ஆனது. அவசரத்தில் பெற்ற பிள்ளை என்பதால் சில கோணங்கித்தனங்கள் கூடவே வந்துவிட்டன.

அந்தக் கோணங்கித்தனத்தைப் பற்றி 2012-ல் கேரி பெர்ன்ஹார்ட் என்பவர் பேசிய 'வாட்' என்ற பேச்சுதான் நான் முதலில் பார்த்தது. ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஒரு வார்த்தையிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்கிறார். 'எண் அல்ல' என்பதற்குச் சுருக்கமாக 'நான்' என்று பதில் வருகிறது. அதையே வரிசையாக ஒட்டவைத்து, கடைசியில் 'பேட்மேன்' என்று சேர்க்கிறார். நான் நான் நான் நான் பேட்மேன்! கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானும் சிரித்தேன். ராத்திரி 12 மணிக்கு சிரித்ததால் பையன் எழுந்து அழுதான்.

அடுத்து, 2014-ல் ஃபிலிப் ராபர்ட்ஸ் பேசிய ஈவென்ட் லூப் பேச்சு. மனிதர் சம்பளம் வாங்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஆளாக இருந்தபோதே, 'ஆமாம், இது எப்படித்தான் வேலை செய்கிறது?' என்று தனக்கே தெரியவில்லை என்று ஆரம்பிக்கிறார். எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு பேங்க்; ஒரே கவுன்ட்டர்; ஒரே கிளார்க். அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். நேரமெடுக்கும் வேலையோடு வருகிறவரிடம் டோக்கன் கொடுத்து ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வேலை முடிந்ததும் டோக்கன்காரர் நேரே உள்ளே நுழைய முடியாது. கியூவில் நிற்க வேண்டும். கிளார்க் மேஜை காலியானால்தான் கூப்பிடுவார். 'பூஜ்யம் மில்லி செகண்டில் செய்' என்று எழுதிக் கொடுத்தாலும் கியூ கியூதான், சிபாரிசு செல்லாது! இதில் இன்னொரு சங்கடம், திரையில் படம் வரைவதும் அதே கவுன்ட்டரில்தான். யாராவது ஒரு பெரியவர் முப்பது வருஷப் பாஸ்புக்கைக் கொண்டு வந்து கிளார்க்கைப் பிடித்துக்கொண்டால், பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். நாம் மவுஸை மடார் மடாரென்று தட்டுவோம்.

இப்படி ஆறு மாதத்தில் அறுபது பேச்சுக்கு மேல் பார்த்துத் தீர்த்தேன். நோட்டுப் புத்தகம் நிரம்பியது. டீக்கடையில், 'சிங்கிள் த்ரெட்ல என்ன ஆகும்னா...' என்று ஆரம்பித்தால் நண்பர்கள் கிளாஸோடு அடுத்த பெஞ்சுக்கு நகரும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்தான். ஸ்வீட் ஸ்டால் வைத்திருக்கிறான்.

"மாமா, கல்லாவுல வைக்க ஒரு பில் போடற பக்கம் செஞ்சு தர்றீங்களா? வெளில கேட்டா நெறய சொல்றாங்க."

நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். பட்டனுக்கு முனை வளைத்தேன். நிழல் வைத்தேன். மைசூர்பா நிறத்தில் பின்னணி கொடுத்தேன். கணக்கைச் சரிபார்த்தேனா? பி.காம். போட்ட கணக்கை யார் சரிபார்ப்பது!

ஆயுத பூஜைக்கு முதல் நாள். கடையில் கூட்டம் அலைமோதுகிறது. ரிட்டயர்ட் பெரியவர் ஒருவர் அரை கிலோ மைசூர்பா கேட்டார். விலை 250. வரி ஐந்து சதவீதம். மொத்தம் 262 ரூபாய் 50 பைசா வர வேண்டும். டேப்லெட்டில் வந்தது 25012.5.

"தம்பி, நான் அரை கிலோதான் கேட்டேன். கடையையே கேக்கலை" என்றாராம் பெரியவர்.

மச்சினன் போன் பண்ணினான். சத்தம் போடுவான் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். "பரவால்ல மாமா, பழைய பில் புக் இருக்கு, சமாளிச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டான். அந்த வீட்டுக்காரர்களுக்கே திட்டத் தெரியாது போலிருக்கிறது.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பிடிபட்டது. நாம் பெட்டிக்குள் டைப் அடிக்கும் 250, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எண்ணே அல்ல, வெறும் எழுத்து. பெருக்கச் சொன்னால் பயல் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறான். அதனால் வரி ஒழுங்காக 12.5 வந்துவிட்டது. கூட்டச் சொன்னால் மட்டும், எழுத்தைப் பார்த்ததும் கூட்டாமல் ஒட்டிவிடுகிறான். 250-க்குப் பக்கத்தில் 12.5. ஆகவே 25012.5.

இது நான் சிரித்த அதே பேட்மேன் ஜோக்கின் சொந்தத் தம்பி! ஆறு மாதம் முன்னால் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்ததையே புரிந்துகொண்டதாக நினைத்துவிட்டேன்.

முதலில் இந்த எழுத்தை எண்ணாக்கு என்று ஒரு சின்னச் சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அதோடு விடாமல் பில் பில்லாகச் சோதித்தேன். இன்னொரு பூதம் கிளம்பியது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்கிறது! மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதினால் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறதில்லையா, அதுபோல் பத்தில் ஒரு பங்கு கம்ப்யூட்டரின் இரண்டடிமானக் கணக்கில் முடிவதேயில்லை. எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். வைத்தியம் நம் பழைய கணக்குப்பிள்ளை வைத்தியம்தான். எல்லாவற்றையும் முழுப் பைசாவாக வைத்துக் கணக்குப் போட்டு, கடைசியில் காட்டும்போது ரூபாயாக்கு.

அதற்குப் பிறகு பேச்சுகளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை லெட்ஜர் போட்டேன். பேச்சாளர் ஒரு உதாரணம் காட்டியதும் வீடியோவை நிறுத்துவேன். இடது பக்கம், என்ன விடை வரும் என்ற என் ஊகம். பிறகு நானே டைப் அடித்து ஓட்டிப் பார்த்து, வலது பக்கம் கம்ப்யூட்டரின் விடை. இரண்டும் டாலி ஆகும்வரை அடுத்த நிமிஷத்துக்குப் போவதில்லை. முதல் வாரம் என் லெட்ஜரைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். அரை மணி நேரம்கூட இல்லாத ராபர்ட்ஸ் பேச்சுக்கு நாலு நாள் ஆனது. ஆனால், டீக்கடையில் இப்போது வாயைத் திறப்பதில்லை. அதுவே தேறியதற்கு அடையாளம் என்று எதிர் போர்ஷன் பையன் சொல்கிறான்.

மனசுக்கு ஆறுதல் தந்த பேச்சு ஒன்று உண்டு. ரையன் டால் என்பவர் 2009-ல் பெர்லினில் ஒரு கான்ஃபரன்ஸ் மேடையேறி, நோட்.ஜே.எஸ். என்ற தன் படைப்பைக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். உலகமே அதை எடுத்துப் புழங்க ஆரம்பித்தது. அவரே 2018-ல் மறுபடி பெர்லின் மேடையேறி, அதில் தான் வருத்தப்படும் விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், 'நோட்' எழுத்துகளையே மாற்றிப் போட்டு 'டெனோ' என்று புதிதாக ஒன்றையும் காட்டினார். அத்தனை பேர் முன்னால் அவர் தன் தப்புகளை ஒத்துக்கொள்ளும்போது, நான் ஒரு மைசூர்பா தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாதா?

தீபாவளிக்கு மச்சினன் கடையில் புதுப் பக்கம் ஓடியது. ஒரு பில்கூடத் தப்பவில்லை. கவரில் 3,000 ரூபாய் வைத்துக் கொடுத்தான். அவன் சொல்லி இன்னும் இரண்டு கடைகள் வந்தன. வளையல் ஒன்று மீண்டுவிட்டது. இன்னொன்று அடகுக்கடையில் காத்திருக்கிறது. அதுவும் கியூவில்தான் வர வேண்டும்.

சகதர்மிணிக்கு விவரம் பூராவும் தெரியும். மாசக் கடைசியில் மளிகைக் கணக்கைக் கூட்டி அவளிடம் நீட்டினால், சீட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்:

"ஏங்க, கூட்டினீங்களா, ஒட்டினீங்களா?"