நாட்டுக் கதையும் ஒட்டுப் பிறப்பும்

நாட்டுப்புறக் கதைகளை இக்காலத்துச் சிறுகதையாகவும் பாவாகவும் நாடகமாகவும் மீண்டும் எழுதும் முயற்சி நம்மிடையே வளர்ந்து வருகின்றது. வரவேற்கத் தக்கதே. பழங்கதையை எடுத்தாள்வோன் அதன் நடையை மாற்றலாம், யாப்பை மாற்றலாம், முடிவையும்கூட மாற்றலாம். ஆனால் கதைமாந்தரின் பிறப்பை மாற்றி எழுதுவானாயின், அவன் கதையைச் சொல்லவில்லை. அதற்கு உரியவரிடமிருந்து அதனைப் பறித்துக் கொள்கின்றான். இதனை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும்.

நெல்லை நாட்டில் வில்லுப்பாட்டாக வழங்கும் முத்துப்பட்டன் கதையையே எடுத்துக் கொள்வோம். பார்ப்பனக் குடியிற் பிறந்த முத்துப்பட்டன் தமையன்மாரொடு பிணங்கி வெளியேறிக் கொட்டாரக்கரை அரசனிடம் பணி செய்கின்றான். தமையன்மார் தேடிச் சென்று அழைத்து வருகின்றனர். வரும் வழியில், பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்த மகளிர் இருவரின் பாட்டுக் கேட்டு அவன் உள்ளம் பறிகொடுக்கின்றான். அவர்கள் ஆநிரை காக்கும் வாலப்பகடையின் மக்கள், அருந்ததியர் குடியினர். பெண் கேட்டு வந்தவனிடம் வாலப்பகடை பொன் கேட்டானில்லை; நிலம் கேட்டானில்லை. நூலையும் குடுமியையும் களைந்துவிட்டுத் தோலறுத்துச் செருப்புத் தைத்துக் காட்டு, எம்முள் ஒருவனாகு, அதன்பின் பெண் தருவேன் என்கின்றான். முத்துப்பட்டனும் அவ்வாறே செய்து மணக்கின்றான். மண இரவிலேயே நிரை கவர வந்தாரொடு பொருது வெல்கின்றான். கரந்திருந்த ஒருவனால் குத்துண்டு வீழ்கின்றான். மனைவியர் இருவரும் தீப்பாய்கின்றனர்.

நிரைமீட்டுப் பட்டவனுக்கு நடுகல் எடுத்த தொல்பழங்காலக் கரந்தை மறம், செருப்புத் தைத்த ஒருவனுக்கு ஈண்டு வாய்த்திருக்கின்றது. பாவநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கின்றான். அடியார்கள் இன்றும் அவனுக்குப் படைப்பது செருப்பே. எந்தக் கோயிலுக்குள்ளும் செருப்பொடு செல்லாத மக்கள், இந்த ஒரு தெய்வத்துக்குச் செருப்பையே கையுறையாக ஏந்திச் செல்கின்றனர் என்றால், கதையின் உயிர் எங்கிருக்கின்றது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக் கதையில்தான் ஓர் ஒட்டு நுழைந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனப் பெண்ணொருத்தி வயிற்றிற் பிறந்தோராம், காட்டில் விடப்பட்டனராம், வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்தானாம். ஒரே ஒரு பிறப்புச் செய்திதான். ஆனால் அது செய்யும் வேலையைப் பாருங்கள். முத்துப்பட்டன் குலங்கடந்து மணந்தவன் அல்லன் என்றாகின்றது. வாலப்பகடை தந்தை என்னும் நிலையிழந்து வெறும் வளர்ப்போன் ஆகின்றான். அவன் இட்ட கட்டளை, அந்த நிமிர்ந்த சொல், பொருளற்றுப் போகின்றது. தைத்த செருப்பும் வீண். ஒரு குடியின் மானம் முழுவதையும் ஒரு பொய்ப் பிறப்பு விழுங்கிவிடுகின்றது.

நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த பேராசிரியர் நா. வானமாமலை, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழக வழியாக முத்துப்பட்டன், காத்தவராயன், கட்டபொம்மு முதலிய கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். இத்தகைய பிறப்புக் கதைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பதை அவரே எடுத்துக் காட்டினார். ஆகவே இஃது எம் புதுக்கண்டுபிடிப்பு அன்று. அறிஞர் காட்டிய பின்னும் நம் எழுத்தாளர் பலர் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டையும் சேர்த்தே எழுதுகின்றனர் என்பதே எம் வருத்தம்.

மதுரைவீரனுக்கும் இதே ஒட்டுத்தான். அருந்ததியர் குடியில் வளர்ந்து, பொம்மியை மணந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பெற்று மாண்டவன் அவன். அவனையும் அரசன் மகன் என்றும், மாலை சுற்றிப் பிறந்தமையால் காட்டில் விடப்பட்டவன் என்றும் ஆக்கினர். 1956இல் திரைப்படம் எடுத்தபோதும் அந்த அரச பிறப்பை விட்டுவிட எவருக்கும் மனம் வரவில்லை. மறமும் காதலும் அரண்மனையிற் பிறந்தாலன்றி வாரா என்பது அவர்தம் எண்ணம் போலும்! ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனுக்கோ வானுலகிலிருந்தே பிறப்புக் கொணர்ந்தனர்.

“அந்த ஒட்டையும் மக்கள்தாமே பாடினர்? நீவிர் யார் நீக்க?” என்று கேட்பார் உளர். கேட்கத் தக்க கேள்விதான். ஊர்ப் பெருங்குடியினர் முன் நின்று பாடி, அவர் தரும் நெல்லால் வயிறு வளர்க்க வேண்டியிருந்தவன் பழைய பாடகன். கதையை முற்றிலும் இழப்பதைவிட ஒரு பொய்ப் பிறப்பைச் சேர்த்தேனும் அதனைக் காப்பது மேல் என அவன் கருதியிருக்கக்கூடும். அவனை நாம் குறைகூறோம். ஆனால் இன்று தாளும் எழுதுகோலும் அச்சுக்கூடமும் கையில் உடையவனுக்கு எந்தப் பண்ணையார் முன் நின்று பாட வேண்டிய கட்டாயம்? பாடகனுக்கு அது கேடயம். எழுத்தாளனுக்கு அது கோழைமை.

மாற்றவே கூடாது என்பது எம் கருத்தன்று. பாவேந்தர் செய்த மாற்றத்தை எண்ணிப் பாருங்கள். பில்கணன் கதை வடபுலத்தில் வழங்கிய பழங்கதை. ஆசானுக்குக் கண் இல்லை என்று மகளிடமும், மகளுக்குத் தொழுநோய் என்று ஆசானிடமும் சொல்லி, இடையே திரையிட்டுப் பாடஞ் சொல்ல வைத்தான் அரசன், திரை விலகியது, காதல் பிறந்தது. பழைய கதையில் அரசன் மனமிரங்கி மன்னிக்கின்றான். பாவேந்தரின் புரட்சிக்கவியிலோ கொலைக்களத்தில் உதாரன் மக்களை நோக்கிப் பேசுகின்றான், மக்கள் கிளர்ந்தெழுகின்றனர், முடியாட்சி வீழ்கின்றது. உயிர் கொடுக்கும் ஆற்றல் அரசன் கையிலிருந்து மக்கள் கைக்கு வந்தது. முத்துப்பட்டன் கதையிற் செய்த மாற்றமோ பெருமையை உழைப்போர் கையிலிருந்து பிடுங்கியது. இரண்டும் மாற்றமே; எவர்க்கு ஊதியம் என்பதில்தான் வேறுபாடு.

நம்மவர்க்கும் ஒரு சொல். தனித்தமிழில் எழுதுகின்றோம் என்று வாலப்பகடையின் வாயிற் புலவர் நடையைத் திணிக்கின்றவர் நம்முள்ளும் உள்ளனர். அதுவும் ஒருவகை ஒட்டுப் பிறப்பே. நாட்டார் வாய்ச்சொல்லைக் கொச்சை என்று தள்ளினால், அதனுள் கிடக்கும் வேர்ச்சொல்லையும் சேர்த்தே தள்ளியவர் ஆவோம். கி. இராசநாராயணன் கரிசற் காட்டு மக்களின் வழக்குச் சொற்களை அகராதியாகவே தொகுத்துத் தந்தார். அவர் நடையில் வேற்றுச்சொல் கலந்திருக்கலாம். அந்த உழைப்பில் ஒரு பங்கேனும் நம்மிடம் உண்டா? கதை கூறுவோன் தன் நடையைத் தூய்மையாக்கிக் கொள்ளட்டும். கதைமாந்தரைப் பேசவிடட்டும்.

முத்துப்பட்டன் கதையை இனி எழுதப் புகும் இளைஞர்க்கு உண்மையில் இடர் தரும் இடம் ஒன்றுண்டு. அது தீப்பாயும் இடம். கணவனை இழந்த பெண்கள் சிங்கம்பட்டித் தலைவனிடம் சென்று தீப்பாய இசைவு கேட்பதாகப் பாடல் செல்கின்றது. அதனை இன்று போற்றிப் பாட முடியாது. மூடி மறைக்கவும் கூடாது. செருப்புத் தைத்துத் தம் குடிக்கு வந்தவனை ஒரே இரவில் இழந்த அவ்விருவரும், தலைவன் முன் நின்றபோது என்ன பேசியிருப்பர்? பிறப்பை மாற்றுவதிற் செலவிட்ட கற்பனையை அந்த இடத்திற் செலவிடுங்கள்.