கைப்பிடியும் தானியங்கியும்

மயிலிட்டிக் கடற்கரையிலே வளர்ந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டுவதில்லை. வாடை எது, சோழகம் எது, கச்சான் எது, கொண்டல் எது என்பதை முகத்தின் தோலே சொல்லிவிடும். பாய் விரித்துக் கடலோடிய காலத்திலே, காற்று மாறிய கணமே கை கயிற்றை இழுக்கும், அல்லது தளர்த்தும். உணர்பவனும் மனிதன், செய்பவனும் மனிதன். இன்று அதே துறைமுக வீதியில் வந்து நிற்கும் கார்கள் பலவற்றிலே, உணரும் வேலையையும் செய்யும் வேலையையும் யந்திரமே ஏற்றுக்கொண்டுவிட்டது. கார்களில் உள்ள குளிரூட்டும் சாதனத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

1990 ஜூனில் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகமும் அதனை அண்டிய நிலமும் 2017 ஜூலையிலேதான் திரும்பக் கிடைத்தன. அவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள். அவற்றின் முன் யன்னலோரம் இருந்த சிறு முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று நேரே மார்பிலே வந்து மோதும். அதுவே அக்காலத்துக் குளிரூட்டி. பெற்றோல் கிடையாத தொண்ணூறுகளிலே அதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. புகை உள்ளே வந்தபோதும் அந்த முக்கோணக் கண்ணாடியே துணை. இருபத்தேழு ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியவர்கள் வீதியிலே கண்டவை, கண்ணாடிகள் மூடியபடி ஓசையின்றி ஓடும் யப்பானியக் ஹைபிரிட் கார்கள். அவற்றிற் பலவற்றில் ‘ஓட்டோ’ என்றொரு பொத்தான் இருக்கிறது. முச்சக்கர வண்டிக்கும் நாம் அப்பெயரையே சூட்டியிருப்பதால், இதற்குத் தானியங்கி என்றே பெயர் வைத்துக்கொள்வோம்.

முதலில் கையால் இயக்கும் முறையைப் பார்ப்போம். அதில் மூன்று திருகுகள் உண்டு. ஒன்று சூட்டையும் குளிரையும் மாற்றுவது. மற்றொன்று விசிறியின் வேகத்தை மாற்றுவது. மூன்றாவது காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திசை காட்டுவது. ‘நடுவிலே நிறுத்தினால் நடுத்தரமான உஷ்ணம் கிடைக்கும்’ என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். அது பிழை. அந்தத் திருகு உஷ்ணத்தைக் குறிப்பதன்று. எவ்வளவு குளிர் விட வேண்டும் என்பதையே அது குறிக்கும். வெயில் ஏறினால், வண்டியில் ஆள் கூடினால், அதே அளவு குளிர் போதாது. மழை பெய்தால் அதுவே மிகையாகிவிடும். விறகடுப்பு எரிப்பது போன்றது இது. சோறு பொங்கும்போது விறகை வெளியே இழுப்பதும், அடங்கும்போது உள்ளே தள்ளுவதும் அடுப்பருகே நிற்பவரின் பொறுப்பு.

தானியங்கி முறை ஸ்திரிக்கைப் பெட்டியைப் போன்றது. வேண்டிய சூட்டைக் குறித்துவிட்டால் அது தானே அணைந்து தானே எரியும். நாம் 25 பாகை என்று குறிக்கிறோம். உள்ளே உள்ள உஷ்ணத்தை ஓர் உணர்கருவி அளக்கிறது. வெளியே, வண்டியின் முன்புறத்தில், மற்றொன்று வெளிக்காற்றை அளக்கிறது. முன் கண்ணாடியின் கீழே தட்டின்மேல் கறுப்புப் பொட்டுப் போல் இருக்கும் மூன்றாவது, வெயிலின் உக்கிரத்தை அளக்கிறது. இவை தரும் செய்திகளைக் கூட்டிக் கழித்து, விசிறியின் வேகத்தையும் காற்றின் கலவையையும் திசையையும் ஒரு சிறு கணினி மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த நிலைக்கு வர நெடுங்காலம் சென்றது. அமெரிக்காவிலே 1940-ஆம் ஆண்டுக்குரிய பாக்கார்ட் கார்களிலே குளிரூட்டி பொருத்தி விற்றார்கள். அதன் குளிர்விக்கும் யந்திரத்தை நிறுத்த வேண்டுமானால், வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, வார்ப்பட்டியைக் கழற்ற வேண்டும்! வேண்டிய உஷ்ணத்தைக் குறித்துவிட்டுச் சும்மா இருக்கும் முறை 1964-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் கார்களிலே வந்தது.

தானியங்கியை வைத்திருப்போர் செய்யும் தவறுகள் இரண்டு. வெயிலில் நின்ற காரில் ஏறியதும், சீக்கிரம் குளிரட்டும் என்று 18-க்கு இறக்குகிறார்கள். 25 என்று குறித்தாலும், உள்ளே கொதிக்கும் வரையில் அது தன் முழுப் பலத்தோடுதான் உழைக்கும். 18 என்று குறிப்பதாற் குளிர் விரைந்து வராது; நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும், அவ்வளவே. மற்றத் தவறு பக்தியால் வருவது. முன் தட்டிலே பிள்ளையாரை எழுந்தருளச் செய்யும்போது, அந்தக் கறுப்புப் பொட்டின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். உச்சி வெயிலிலும் யந்திரம் அதை இருட்டென்று எண்ணிக்கொள்ளும். பிள்ளையாரைச் சற்றே அப்பால் நகர்த்தினால் அவரும் கோபிக்கமாட்டார்.

இனி ஒரு காட்சி. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பமொன்று கட்டுநாயக்காவில் வான் பிடித்து மயிலிட்டிக்குப் புறப்படுகிறது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர்ப் பிரயாணம். வவுனியா கடந்து வடக்கே போகும்போது, மேற்கே சாய்ந்த வெயில் முன் ஆசனத்தில் இடப்புறம் இருக்கும் பேரன்மேல் விழுகிறது. அவனுக்கு வேர்க்கிறது. பின்னே, குளிர்காற்று நேரே வந்து விழும் இடத்தில் ஆச்சி இருக்கிறார்.

“தம்பி, உந்தக் குளிரைக் கொஞ்சம் குறையுங்கோ. முழங்கால் உளையுது.”

“நான் 24 இலைதான் விட்டிருக்கிறன், ஆச்சி.”

சாரதி சொன்னது உண்மை. ஆச்சி சொன்னதும் உண்மை. யந்திரம் தன் உணர்கருவி இருக்கும் இடத்து உஷ்ணத்தை அறியும். ஆச்சியின் முழங்காலை அறியாது. காற்று வரும் துவாரத்தைக் கையால் வேறு பக்கம் திருப்பிவிட்டால் வழக்குத் தீர்ந்தது. எத்தகைய தானியங்கியிலும் அந்தச் சிறு துவாரம் பெரும்பாலும் கைக்கே விடப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இவையெல்லாம் சௌகரியம் பற்றியவை. உயிர் பற்றிய செய்தி ஒன்று உண்டு. வெளிக்காற்றை உள்ளே எடுப்பதா, உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுவதா என்று தீர்மானிக்கும் பொத்தான் இரு முறைகளிலும் இருக்கிறது. சுழற்சியிலே குளிர் சீக்கிரம் வரும், தூசி வராது. ஆகவே பலர் கொழும்பிலே அதை அழுத்தினால் யாழ்ப்பாணத்திலேதான் விடுவிக்கிறார்கள். வெளிக்காற்றிலே காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவிலே இருக்கிறது. மூடிய வண்டிக்குள் நாலைந்து பேர் மூச்சு விட்டால், அரை மணி நேரத்துக்குள் அது சில ஆயிரம் பங்குகளாகிவிடும். தலை கனக்கும், கண் சொக்கும். இரவிலே நெடுந்தூரம் ஓட்டும் சாரதிக்கு அந்தச் சொக்கல் எத்தகையது என்று சொல்ல வேண்டுமா? உஷ்ணத்தை அளக்கும் தானியங்கி, மூச்சின் தூய்மையை அளப்பதில்லை. பெரும்பாலான கார்களில் அதற்கான கருவியே கிடையாது. உள்ளே குளிர்ந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றுவது ஓட்டுபவரின் கடமை. வண்டிக்குள் ஒருவர் இருமிக்கொண்டிருந்தால் அது இன்னும் முக்கியம்.

போருக்கு முன் மயிலிட்டியில் இருந்த காசநோய் வைத்தியசாலையை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1943-இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்படும் வரை, உலகெங்கும் அந்நோயாளரைத் திறந்த யன்னல்களின் அருகே கிடத்தினார்கள். மருந்துகள் வந்த பின்னரும், காற்றோட்டம் நோய் பரவுதலைக் குறைக்கும் என்ற உண்மை மாறவில்லை. அந்த யன்னலைத்தான் இன்று ஒரு சிறு பொத்தானுக்குள் அடக்கி வைத்திருக்கிறோம்.

மாரி மழையிலே முன் கண்ணாடி மங்கும்போதும் இந்த அறிவு உதவும். உட்புறம் பனித்தால், மழைதானே என்று குளிரூட்டியை நிறுத்திவிடக் கூடாது. குளிரூட்டி காற்றின் ஈரத்தை வற்றச் செய்வது. அதை இயக்கி, வெளிக்காற்றை எடுத்து, கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரம் தெளியும். வெளிப்புறம் பனித்தாலோ கண்ணாடி அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்துவிட்டது என்று பொருள். துடைப்பானை ஓட்டி, குளிரைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்திலே 50 பாகையைத் தாண்டிவிடக் கூடியது. கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று குழந்தையை உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். குளிரூட்டி ஓடுகிறதே என்றும் விட்டுச் செல்லாதீர்கள், அது நின்றுவிட்டால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு இன்னொன்று: பற்றரி இறங்கும்போது எஞ்சின் தானே இயங்கத் தொடங்கும். மூடிய கொட்டகைக்குள் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு காரிலே உறங்கினால், நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு உயிரைக் குடித்துவிடும்.

எது சிறந்தது, கைப்பிடியா தானியங்கியா என்று கேட்பீர்கள். கண்ணை வீதியை விட்டு எடுக்காமல் ஓட்ட உதவுவதால் தானியங்கி நல்லதுதான். விலை குறைவும் பழுது பார்க்க எளிமையும் வேண்டுவோர்க்குக் கைப்பிடி போதும். ஆனால் எது வாய்த்தாலும், மயிலிட்டித் துறையை அடைந்ததும் ஒரு முறை யன்னல்களை இறக்கிவிடுங்கள். ஆச்சி இருபத்தேழு ஆண்டுகள் ஏங்கியிருந்த காற்று வெளியே காத்துக்கொண்டிருக்கிறது.