வீடு திறந்திருக்கத் தெரு பூட்டியதேன்?

திறவூற்று இயங்குதளத்தைக் கணினியில் நிறுவிய அளவிலேயே முழு உரிமையும் கைவந்துவிட்டதாக எண்ணுவது பேதைமை. 1991 இல் இலினசு தோர்வால்டுசு என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய இலினக்சை எவரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஆனால், அதன்முன் அமர்ந்து நண்பர்க்கு உடனடிச் செய்தி ஒன்றை விடுப்பதற்கோ, அதனைத் தாங்கிச் செல்லும் நிறுவனத்தின் இசைவு வேண்டும். வீடு நமது, தெரு அயலானது!

கெய்ம் என்னும் நிரலின் வரலாறு இதற்குச் சான்று. அமெரிக்க ஏ.ஓ.எல். நிறுவனத்தின் ஏ.ஐ.எம். என்னும் செய்திப் பணியை இலினக்சிலும் பயன்படுத்துமாறு 1998 இல் மார்க்கு இசுபென்சர் என்னும் மாணவர் எழுதியது அது. பின்னர் யாகூ, எம்.எசு.என்., ஐ.சி.கியூ. ஆகியவற்றின் செய்திகளையும் ஒரே சாளரத்துள் கொணர்ந்தது. அந்நிறுவனங்களோ தம் செய்தி நெறிமுறைகளைப் பெரும்பாலும் மறைத்தே வைத்திருந்தன. கம்பிவழிச் செல்வனவற்றை உற்று நோக்கித் தொண்டர்களே அவற்றை உய்த்துணர்ந்தனர். நெறிமுறை மாறுந்தோறும் நிரலையும் மாற்றி எழுதினர். ஏ.ஓ.எல். நிறுவனத்துக்கோ கெய்ம் என்னும் பெயரில் தன் பணியின் பெயர் ஒலிப்பதும் பொறுக்கவில்லை. நெடிய வணிகக்குறிப் பூசலின் முடிவில், 2007 இல் கெய்ம், பிட்சின் ஆயிற்று. (பிட்சின் என்பது வேற்றுமொழியார் கூடுமிடத்துப் பிறக்கும் கலப்பு மொழிக்கு ஆங்கிலர் இட்ட பெயர். மொழி கலப்பதைத் தமிழறிந்தார் ஒப்பார். நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதை எவரே மறுப்பர்?)

பெருநிறுவனங்களின் நேர்மையையும் காண்க. 1999 இல் மைக்ரோசாப்டு தன் எம்.எசு.என். பயனர்களை ஏ.ஐ.எம். பயனர்களோடு பேசவைக்க முயன்றது. ஏ.ஓ.எல். அடைத்தது, மைக்ரோசாப்டு மீண்டும் நுழைந்தது, மீண்டும் அடைத்தது. அன்று திறந்த வழியைப் பற்றி முழங்கிய அதே மைக்ரோசாப்டு, 2003 அக்டோபரில் தன் பழைய நெறிமுறையை அடைத்துப் பிறர் நிரல்கள் உரிமம் பெறவேண்டும் என்றது!

முடிவு என்னாயிற்று? ஏ.ஐ.எம். 2017 திசம்பரிலும், யாகூ தூதுப்பணி 2018 சூலையிலும், ஐ.சி.கியூ. 2024 சூனிலும் மூடப்பட்டன. பிட்சினின் ஊற்றுநிரல் இன்றும் எவர்க்கும் கிடைக்கும்; அது பேசுதற்கு அப்பணிகள்தாம் இல்லை.

1999 இல் அறிவிக்கப்பெற்ற சாபர் நெறிமுறையோ மறையவில்லை. எக்சு.எம்.பி.பி. என்னும் பெயரில் 2004 இல் பொதுத்தரமாகி, இன்றும் பிட்சினில் இயங்குகின்றது. மின்னஞ்சல் போன்று எவரும் தமக்கென வழங்கி அமைத்துப் பிறர் வழங்கியோடு பேசலாம். கூகுளும் 2006 இல் அப்பொதுவழியில் இணைந்தது. கூட்டம் சேர்ந்தபின், 2013 இல் ஆங்கவுட்சைக் கொணர்ந்து விலகத் தொடங்கியது.

இன்று வாட்சாப்பு இலினக்சுக்கெனத் தனி நிரல் தருவதில்லை. உலாவி வழியே நுழைக என்கின்றது. பிறர் எழுதிய நிரலால் நுழைவோரின் கணக்கையே முடக்கவும் செய்யும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டமொன்று, 2024 மார்ச்சு முதல், பிற செய்திப் பணிகள் கேட்பின் வாட்சாப்பு அவற்றுக்கு வழிவிடவேண்டும் என்கின்றது. அதுவும் ஐரோப்பியப் பயனர்க்கே. தனியொருவர் தாமே எழுதிய நிரலோடு நுழைவதற்கு அச்சட்டத்திலும் இடமில்லை.