பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு பங்கு

பேர்கன், நோர்வே

அன்பான குருநகர் அம்மாமார், ஐயாமார், கூட்டாளிமார் எல்லாருக்கும்,

எங்களுக்கு மூன்றாவதாகப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். மூத்தவன் தொட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறான். நடுவிலான், பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறான்.

தொலைபேசியில் வாழ்த்திய எல்லாரும் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "பத்தியம் பாக்க ஆர் வந்து நிக்கினம்?" என்பது ஒன்று. நான்தான் பார்க்கிறேன் என்றதும், "அப்ப உனக்கு வேலை போட்டுதோ?" என்பது மற்றது. வேலை இருக்கிறது. ஒருவரும் வந்து நிற்கவில்லை. அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்லச் சரக்குத்தூள் இடித்து, உள்ளி கொஞ்சம் கூடப் போட்டுக் கறி வைக்கிறேன். பால்சுறாவுக்கு இங்கே வழியில்லை, கொட் மீனில் வறை செய்தேன். மனிசி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டா. அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த நாட்டில் பிள்ளை பிறந்தவுடன் தகப்பனுக்கு இரண்டு கிழமை லீவு எடுக்க உரிமை உண்டு. அதற்குப் பிறகு, தாயும் தகப்பனும் வேலை செய்கிறவர்கள் என்றால், தகப்பனுக்கென்றே 15 கிழமை ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் உச்சவரம்புக்குள் முழுச் சம்பளமும் அரசாங்கம் தரும். சொந்தமாகத் தொழில் செய்கிறவனுக்கும் கொடுப்பனவு உண்டு.

நோர்வே ஆம்பிளைகள் பிறவியிலேயே தங்கமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1970களின் கடைசியிலேயே தாயும் தகப்பனும் லீவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டது. எடுத்த தகப்பன்மார் மிகச் சிலர்தான். "நீயே வைச்சுக்கொள்" என்று பெருந்தன்மையாகப் பெண்சாதிக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1993இல் நாலு கிழமையைத் தகப்பனுக்கு மட்டும் என்று பிரித்து வைத்தார்கள். அவன் எடுக்காவிட்டால் அது தாய்க்கும் போகாது, வீணாகப் போகும். சில வருடங்களுக்குள் பெரும்பாலான தகப்பன்மார் வீட்டில் நின்றார்கள். மனம் பிறகுதான் மாறியது. முதலில் மாறியது கணக்கு.

நடுவிலானுக்கு ஒன்பது மாதமாக இருக்கும்போது என் முறை வந்தது. மனிசி முதியோர் இல்லத்து வேலைக்குத் திரும்பிவிட்டா. முதல் கிழமை அவன் அழுதால் பசியா, நித்திரையா, கோபமா என்று எனக்குத் தெரியாது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்லக்கூடியதாக இருந்தது. பல்லு முளைத்ததும் என் காலத்தில்தான். வெள்ளைத் துணி விரித்து இருத்தி, நானே அவித்த கொழுக்கட்டையைத் தலையில் கொட்டினேன். முன்னால் வைத்த புத்தகம், பேனை, மோதிரம் ஒன்றையும் அவன் தொடவில்லை. விழுந்த கொழுக்கட்டையைத்தான் எடுத்துச் சப்பினான்.

நான் பிறந்த அன்று ஐயா கடலில். கரைக்கு வந்து, மீனை விற்று, வலை உலர்த்திய பிறகுதான் என்னைப் பார்த்தாராம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழிலுக்குப் போகாத நாளுக்கு மீன்காசில் பங்கு இல்லை, பங்கு இல்லாவிட்டால் உலை இல்லை. இன்றைக்கும் இலங்கையில் அரசாங்க வேலைக்காரத் தகப்பனுக்கே மூன்று நாள்தான். கடலுக்குப் போகிறவனுக்கு அதுவும் இல்லை.

நோர்வேயிலிருந்து ஊருக்குக் கை கொடுப்பது புதிதல்ல. 1956இல் நோர்வேக்கு வந்த எங்கட ஊர் அந்தோனி ராஜேந்திரம் இங்கத்தைய ஆட்களோடு சேர்ந்து சீநோர் என்ற மீன்பிடி நிறுவனத்தை உண்டாக்கி, ஊரின் மீன்பிடித் தொழிலுக்கு எவ்வளவோ செய்தார். நான் கேட்பது அதைவிட மிகவும் மலிவு.

யாகப்பர் திருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து நாங்கள் அனுப்பும் காசு லைட்டுக்கும் பாண்டுக்கும் வளைவுக்கும் போகிறது. போகட்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு இன்னொரு காசும் சேர்ப்போம். பிள்ளை பிறந்த தொழிலாளி இரண்டு கிழமை கரையில் நிற்க, அந்த நாட்களுக்கு அவனுக்கு வரவேண்டிய பங்கைக் கடற்றொழிலாளர் சங்கம் இந்தக் காசிலிருந்து கொடுக்கட்டும். வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டியும் அவன் இடத்தை வேறு ஒருவருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கக்கூடாது.

நிபந்தனை ஒன்றே ஒன்று. அவன் வீட்டில் நின்றால்தான் காசு. கடலுக்குப் போனாலும், கள்ளுக்கொட்டிலில் கண்டாலும் அது தமையனுக்கோ மாமிக்கோ மாறாது, சங்கத்துக்கே திரும்பிவிடும். நிற்கிறானா என்று பார்க்கப் புது ஆள் வைக்கத் தேவையில்லை. பிள்ளையைப் பார்க்க வருகிற மிட்வைஃப் அம்மாவுக்குத் தெரியாததா?

அம்மம்மாமாருக்குக் கோபம் வரும் என்று தெரியும். பிள்ளையைக் குளிப்பாட்டும் உரிமையை மருமகனோடு பங்குபோட அவர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். என் மாமியே வீடியோவில் பார்த்துவிட்டு, "கழுத்தைப் பிடி, கழுத்தைப் பிடி" என்று அங்கிருந்து கத்துகிறா.

முதல் காசை நான் போடுகிறேன். ஜூலை 25 திருநாளுக்குப் பிள்ளையோடு வருகிறோம், ஞானஸ்நானமும் அங்கேதான். அதற்குள் சம்மாட்டிமார் என்ன சொல்லுகினம் என்று ஆராவது கேட்டு எழுதுங்கோ.

உங்கள் பெடியன்,
பேர்கனிலிருந்து