பில்லில் ஒரு வரி



போன மாதம் நம் நீண்ட நாள் வாசகி ஒருவர் தாம்பரத்திலிருந்து மகளோடு பத்திரிகை அலுவலகத்துக்கு வந்திருந்தார். பெண் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். மடியில் ஜிப் வைத்த ஃபைல். ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில், "ஆறு மாசம் சும்மா வந்து கத்துக்கோம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார்களாம். ஒரிஜினலையும் கொடுத்துவைக்க வேண்டுமாம். "நாலு வருஷம் படிச்சதும் கத்துக்கிட்டதுதானே சார்?" என்றார் அம்மா. மகள் வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயரில் ரயில் நிலையமே இருக்கிற பகுதி தாம்பரம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம். பிறகு அரசு ஆஸ்பத்திரியானது. எச்.ஐ.வி. என்றாலே ஊர் விலகி நின்ற நாட்களில் அங்கே வார்டு வார்டாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த வார்டுகளில் கண் விழித்த நர்சுகளை நினைத்தால் கும்பிடத்தான் தோன்றும். கும்பிட்ட கையோடு 'சேவை' என்று சொல்லிவிடுகிறோமா, அதற்குப் பிறகு ஒரு நர்ஸ் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் நமக்கே என்னவோ போலிருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அந்த பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். ட்ரிப்ஸ் மாற்றி, பி.பி. பார்த்து, சார்ட் எழுதி, விடியும்வரை நின்ற பெண் சம்பளமில்லாத 'ட்ரெயினி' என்றால், அந்தப் பணம் யாருக்குப் போனது?

அரசும் இதில் பெருமைப்பட முடியாது. 2015-ல் தேர்வு எழுதி வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் எடுத்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சு நடக்காமல் போக, 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறையின் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்திருந்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை, சேலையூர் சந்துகளில் அந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். ஒரிஜினலைக் காட்டு, கொடுத்துவிட்டு வராதே; சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பயிற்சிக் காலம் என்றாலும் ஊதியத்தோடு எழுத்தில் வாங்கு. பெரிய ஆஸ்பத்திரிகளின் நேரடித் தேர்வுக்குப் போ, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு வாரியத்தின் அறிவிப்பைத் தவறவிடாதே. வெளிநாட்டு ஆசை இருந்தால் முன்பணம் கேட்கும் ஏஜென்டுக்கு முன்னால், அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரி.

நேற்று அவளே போன் செய்தாள். மேடவாக்கம் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்றேன்.

"அவங்க கேட்டதெல்லாம் அப்புறம் சார். நைட் டூட்டிக்குத் தனியா அலவன்ஸ் உண்டான்னு நான் கேட்டேன்."