அபாய அழைப்புக்குத் தமிழில் பதில் கிடைக்குமா?

இந்தியாவின் 60 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையில் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மத்திய நிலையம், 2024 ஜூன் 20ஆம் திகதி சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. அது கொழும்பிலுள்ள கடற்படைத் தலைமையகத்தில் இயங்குகின்றது. உப நிலையம் அம்பாந்தோட்டையில் உள்ளது. காலி, அறுகம்குடா, மட்டக்களப்பு, திருகோணமலை, பருத்தித்துறை, முள்ளிக்குளம் முதலிய இடங்களில் நிறுவப்பட்டவையோ ஆளணியற்ற தளங்களாகும்.

அதாவது, கருவிகளிற் பெரும்பாலானவை தமிழ் பேசும் மக்களின் கரைகளில் நிற்கின்றன; கேட்கும் செவிகள் அங்கில்லை. பருத்தித்துறைக்கு அப்பால் இயந்திரம் பழுதடைந்து தத்தளிக்கும் மீனவரின் குரலுக்கு யார், எந்த மொழியில் பதிலளிப்பார்?

பெரிய வணிகக் கப்பல்களுக்கு இது பிரச்சினையன்று. 1999 பெப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகளாவிய அபாய அறிவிப்பு முறைமையின்படி, பொத்தானை அழுத்தியதும் கருவியே கப்பலின் அடையாளத்தை அறிவித்துவிடும். சிறு மீன்பிடி வள்ளங்களை அம்முறைமை கட்டுப்படுத்துவதில்லை. வள்ளத்திலிருப்பவருக்கு வாய்ச்சொல்லே துணை. எந்தக் கரைக்கு நேரே, எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு ஏறிவிட்டது என்பனவெல்லாம் பதற்றத்தில் தாய்மொழியில்தான் வரும். மொழி தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நீரோட்டம் வள்ளத்தை எங்கோ இழுத்துச் சென்றுவிடும்.

2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கரையோரக் காவல் திணைக்களத்துக்கு, இயற்கை அனர்த்த வேளைகளில் வானொலி மூலம் எச்சரிக்கை விடுக்கும் பணியும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் எச்சரிக்கை ஏதும் எட்டாமல் கல்முனையும் மருதமுனையும் முல்லைத்தீவும் பட்டதை அறிந்தவர்களுக்கு, புரியாத மொழியில் வரும் எச்சரிக்கையும் வராத எச்சரிக்கையும் ஒன்றேயாகும். 13ஆவது திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது 1987இல்.

தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் இச்சேவைக்கு முன்வருவதில்லையே என்று கூறுவோர் உளர். போர்க்காலத்தில் வானலையில் ஒலித்த தமிழ்க் குரல், காப்பாற்றப்பட வேண்டிய குரலாகவன்றிச் சந்தேகத்துக்குரிய குரலாகவே பெரிதும் கேட்கப்பட்டது. கடல் தடைகளால் வடக்கு, கிழக்கு மீனவர் பட்ட துன்பமும் இலேசானதன்று. எனவே சீருடை அணியத் தயங்குவோரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் வானொலிக் காவலுக்குத் துப்பாக்கி தேவையில்லை; கூர்ந்த செவியும் மொழியறிவும் பயிற்சியுமே தேவை. சிவில் பதவிகளாக அவற்றை உருவாக்கி, மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளிலிருந்தே ஆட்களைத் தெரிவுசெய்யத் தடையேது? முதலில் பருத்தித்துறைத் தளத்துக்கும் மட்டக்களப்புத் தளத்துக்கும் ஆளணி வழங்கப்படட்டும். கொழும்பில் இரவுக் காவலின்போது தமிழறிந்த ஒருவரேனும் பணியில் அமர்த்தப்படட்டும்.