படிப்பிக்க முடியாத பிள்ளையா?



அமெரிக்காவில் 1943இல் டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தவர் ஜூடித் ஸ்கொட். "படிப்பிக்க முடியாத பிள்ளை" என்று ஏழு வயதில் பராமரிப்பு நிலையத்தில் விட்டார்கள். அவருக்குக் காது கேட்காது என்பதைப் பல வருடங்களாக எவரும் கவனிக்கவில்லை.

35 வருடங்களுக்குப் பிறகு இரட்டைச் சகோதரி அவரை மீட்டு, 1987இல் ஓக்லண்டிலுள்ள கலை நிலையமொன்றில் சேர்த்தார். வரைவதில் மனம் ஒட்டவில்லை. நூல் கைக்கு வந்ததும் எல்லாம் மாறியது. பொருட்களை நூலால் சுற்றிச் சுற்றியே 200 அளவில் சிற்பங்கள் செய்தார். சிலவற்றில் இரண்டு உருவங்கள் ஒன்றாகக் கட்டுண்டிருக்கும். பிரிந்திருந்த சகோதரியை நினைக்காமல் அவற்றைப் பார்க்க முடியாது.

நாமும் எத்தனை பிள்ளைகளை "இதுக்கு ஒன்றும் ஏறாது" என்று பின்வாங்கில் இருத்தியிருக்கிறோம்? முதலில் காதையும் கண்ணையும் சோதிப்போம். பென்சில் பிடிக்காவிட்டால் களிமண்ணையும் நூலையும் கொடுத்துப் பார்ப்போம். பெற்றோரே, இப்படியான பிள்ளைகளை வீட்டுக்குள் மறைக்காதீர்கள். அவர்களும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம்.